லோர்ட்ஸ் முதல் காலி வரை: ஆடுகளத்தில் அரசியல்

சர்வதேச விளையாட்டு அரங்குகளில் அரசியல் எதிர்ப்புக்கு இடமுண்டா என்ற கேள்வி நம்மவர்களுக்குப் புதியதன்று. 1975ஆம் ஆண்டு முதலாவது உலகக் கிண்ணத்தின்போதே இலண்டன் ஓவல் மைதானத்தில், இலங்கை - அவுஸ்திரேலிய ஆட்டத்தினிடையே தமிழர்கள் எதிர்ப்புக் காட்டினர். 1984 ஓகஸ்டில் இலங்கை அணி லோர்ட்ஸில் தனது முதலாவது டெஸ்டை ஆடியபோது, பதாகைகளுடன் தமிழ் இளைஞர்கள் ஆடுகளத்தினுள் ஓடினர். ஆட்டம் சிறிது நேரம் தடைப்பட்டது. சிதத் வெத்தமுனி அந்த இன்னிங்ஸில் 190 ஓட்டங்கள் குவித்தார். அதே அணியில் வினோதன் ஜோன் என்ற தமிழரும் பந்து வீசினார் என்பது குறிப்பிடத்தக்கது.

'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்று அன்றும் பலர் உபதேசித்தனர். ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்னர்தான், 1983 ஜூலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அடுத்த மாதமே அரசியலமைப்பின் 6ஆவது திருத்தம் வந்தது. தமிழர் விடுதலைக் கூட்டணியினர் நாடாளுமன்ற ஆசனங்களை இழந்தனர். சபையில் பேச வழியில்லாதவனின் குரல் மைதானத்தில் ஒலித்தது என்றால், அதில் வியப்பென்ன?

விளையாட்டு அரசியலிலிருந்து விலகி நின்றதாக வரலாறும் சொல்லவில்லை. நிறவெறித் தென்னாபிரிக்கா 1970 முதல் இரு தசாப்தங்களுக்கு மேலாக டெஸ்ட் அரங்கிலிருந்து ஒதுக்கி வைக்கப்பட்டது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு நிகழ்ந்ததையடுத்து அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாகக் கொழும்பு வந்து ஆடினார்கள். அதுவும் அரசியல்தான், நல்லரசியல்.

ஆகவே எதிர்ப்பு யாரை நோக்கியது என்பதையே நாம் பார்க்கவேண்டும். 2013இல் தமிழக முதல்வர் ஜெயலலிதாவின் எதிர்ப்பையடுத்து, ஐ.பி.எல். போட்டிகளில் இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடுவது தடுக்கப்பட்டது. அத்தடையில் முத்தையா முரளிதரனும் அகப்பட்டார். தமிழருக்காக எழுந்த எதிர்ப்பு, டெஸ்ட் கிரிக்கெட்டில் 800 விக்கெட்டுகள் எடுத்த தமிழனையே வெளியே நிறுத்தியது. இதில் அரசுக்கு என்ன நட்டம்?

2022 ஜூலை 9ஆம் திகதி காலியில் அவுஸ்திரேலியாவுடனான டெஸ்ட் நடந்துகொண்டிருக்க, கோட்டை மதில்மேல் ஏறி நின்றவர்கள் ஜனாதிபதிக்கு எதிராகக் கோஷமிட்டனர். ஆட்டம் நிற்கவில்லை; எந்த வீரனும் தண்டிக்கப்படவில்லை; செய்தி மட்டும் உலகெங்கும் சென்றது. இதுவே சரியான வழி என்பேன்.

ஆனாலும் ஒன்றை மறக்கலாகாது. 1984இல் அப்படியொரு மதிலில் ஏறி நின்று கோஷமிட வெள்ளவத்தைத் தமிழன் ஒருவனால் முடிந்திருக்குமா? முடியாது என்பதனால்தான் இலண்டனில் ஓடினார்கள். மைதானத்துக்கு அரசியல் வேண்டாம் என்போர், முதலில் அதனை நாட்டினுள் பேச இடந்தர வேண்டும்.