தலைப்பாகையும் தக்கைத் தொப்பியும்

கோலார் தங்கவயல் வெயிலுக்குப் பெயர்போன ஊர் அன்று. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் அது. 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க நிர்வாகத்தை ஏற்றபின் வந்து குடியேறிய ஆங்கிலேயர், இதனைச் ‘சின்ன இங்கிலாந்து’ என்றே கொண்டாடினர். ஆயினும் அக்காலத்து ஐரோப்பியர் இந்நாட்டின் எப்பகுதியில் வாழ்ந்தாலும், தக்கைத் தொப்பி இல்லாமல் வெயிலில் இறங்க அஞ்சினர்.

நம் குளங்களில் வளரும் நெட்டியின் வெண்ணிறத் தண்டைச் சீவி ஒட்டிச் செய்தது அத்தொப்பி. சூரிய கிரணம் மண்டை ஓட்டையும் பிடரியையும் ஊடுருவி, மூளையையும் முதுகுத்தண்டையும் நேரே தாக்குகிறது என்பது அன்றைய மருத்துவர் பலரின் கொள்கை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தளபதி ஹாவ்லக்கின் பெயரால் வழங்கலாயிற்று, தொப்பிமேல் மாட்டிப் பிடரியில் தொங்கவிடும் வெள்ளைத் துணியுறை. முதுகுத்தண்டைக் காக்கத் தனியே பஞ்சுப்பட்டை கட்டிக்கொண்டவர்களும் உண்டு. பிலிப்பைன் தீவுகளில் அமெரிக்கப் படையினருக்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை அணிவித்தும் பார்த்தார்கள். நன்மை எதுவும் காணவில்லை.

மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். சூரியன் அடிக்கிறான் என்று பொருள்படும் சொல்லையே ஆங்கிலம் இந்நோய்க்கு முன்பு வழங்கிற்று. நாமும் அதனை ‘வெயில் தாக்கு’ என்று தமிழாக்கினோம். கொள்கையின் பிழை சொல்லோடு சேர்ந்தே வந்துவிட்டது.

அப்பிழையைக் காட்டவல்ல இடங்களுள் ஒன்று கோலார்ச் சுரங்கமே. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் தலையில் முண்டாசு கட்டியவர்கள்; மேலே வெயிலுக்கு அது போதுமானது. ஆனால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அங்கே பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. ஒரு சூரிய கிரணமும் எட்டாத இருளில் மனிதர் மயங்கி விழுந்தனர். 1940களில் காப்லன் என்னும் மருத்துவர், அவ்வாறு விழுந்தவர்களைப் பற்றியே ஆராய்ந்து எழுதினார்.

காரணத்தை அதற்கு முன்பே இங்கிலாந்தில் ஹால்டேன் என்னும் உடலியல் அறிஞர் கண்டறிந்திருந்தார். கார்ன்வால் பகுதிச் சுரங்கங்களில் ஆராய்ந்து, 1905இல் அவர் வெளியிட்ட முடிவு இது: ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அசையாத காற்றில் ஏறக்குறைய 31 டிகிரியைக் கடந்தால், ஓய்வாக இருப்பவனின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும். வியர்வை சுரந்தால் மட்டும் போதாது; அது உலரவேண்டும். காற்றில் ஈரம் மிகுந்தால் உலராது. உடலில் ஊறும் வெப்பம் வெளியேற வழியில்லை. ஆகவே ஆழத்தில் தொழிலாளியைக் காப்பது தலைத்துணி அன்று, காற்றோட்டம். கோலாரில் பெரும் விசிறிகளும், காற்றைக் குளிர்வித்து உள்ளே செலுத்தும் இயந்திரங்களும் வைத்தது இதற்காகவே.

முண்டாசின் இடத்தைக் கடினத் தொப்பி பிடித்ததும் வெப்பத்தை முன்னிட்டு அன்று. பாறை திடீரென வெடித்துச் சிதறும் விபத்துக்குக் கோலார் பேர்பெற்றது. விழும் கல்லைத் தாங்கவும், நெற்றியில் மின்விளக்கை ஏந்தவும் அத்தொப்பி வேண்டியிருந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அங்குள்ளோர் பலர் வேலை தேடி நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூர் செல்கின்றனர். கட்டட வேலைக்குச் செல்பவருக்கு இப்போது வெயிலும் உண்டு, கடினத் தொப்பியும் உண்டு. தொப்பியின் ஓட்டுக்கும் தலைக்கும் இடையே உள்ள வார்ப்பட்டை, இரண்டு விரற்கடை இடைவெளி விடுகிறது. அடியைத் தாங்குவதும் காற்றை உலவவிடுவதும் அவ்விடைவெளியே. தடித்த துண்டை மடித்து அதனுள் திணித்தால் இரண்டும் கெடும். பிடரிக்கு மெல்லிய வெள்ளைத் துணியைத் தொப்பியின் பின்விளிம்பில் தொங்கவிடலாம், நனைத்தும் விடலாம். வறண்ட காற்று வீசும் பெங்களூரின் பங்குனியில் அது நன்றாகக் குளிர்விக்கும். சென்னைக் கடற்கரையின் பிசுபிசுப்பில் அவ்வளவு பயன் தராது.

தொப்பியும் துணியும் கொடுத்துவிட்டதோடு தம் கடமை தீர்ந்ததாக நினைக்கும் ஒப்பந்தக்காரர்கள் உண்டு. தக்கைத் தொப்பிக் காலத்து நம்பிக்கைதான் அது. நிழலும் குடிநீரும் நண்பகல் ஓய்வும் கொடுப்பதைவிடத் தொப்பி மலிவு என்பதால் இன்னும் நீடிக்கிறது.

வெயிலில் உழைப்பவர் ஒருவர் பேச்சுத் தடுமாறி நிலைகுலைந்தால், அருகில் இருப்பவர்கள் வழக்கமாகச் செய்வது உச்சந்தலையில் ஒரு சொம்பு நீர் ஊற்றுவது. நிழலுக்குத் தூக்கிச் சென்று, சட்டையைத் தளர்த்தி, உடல் முழுவதையும் நனைத்து, விடாமல் விசிறவேண்டும். நினைவு மங்கியவரின் வாயில் நீர் புகட்டலாகாது. வண்டி வரும்வரை விசிறுவதையும் நிறுத்தலாகாது.