சென்னைக் கலைத்தொழிற்பள்ளியில் ஓவியமும் புகைப்படமும்

சென்னை பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரி, 1850இல் தொடங்கப்பட்ட ஒரு பள்ளியின் தொடர்ச்சியாகும். இந்தியாவின் மிகப் பழைய கலைக்கல்வி நிறுவனங்களுள் இதுவும் ஒன்று. பென்சிலையும் கேமராவையும் சேர்த்துக் கையாளும் இளம் கலைஞர்களை இன்று பல கண்காட்சிகளில் காண்கிறோம். இது புதிய போக்கு என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் 160 ஆண்டுகளுக்கு முன்பே இவ்விரண்டும் சென்னையில் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. ஒரு வேறுபாடு உண்டு: அன்று அவை கலைகளாக அல்ல, தொழில்களாகவே கருதப்பட்டன.

தோற்றம்

பள்ளியை நிறுவியவர் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர். தம் சொந்த முயற்சியில் அவர் தொடங்கிய பள்ளியை அரசு சில ஆண்டுகளுக்குள் ஏற்றுக்கொண்டது. உள்நாட்டு மூலப்பொருள்களைக் கொண்டு நல்ல பொருள்களைச் செய்யக்கூடிய கைவினைஞர்களை உருவாக்குவது அவருடைய நோக்கம். எனவே ஓவியத்துடன் மட்பாண்டம், மரச்செதுக்கு அச்சு போன்றவையும் கற்பிக்கப்பட்டன. கலை, அறிவியல், உற்பத்தி ஆகியவை பற்றிய ஓர் இதழையும் ஹண்டர் நடத்தினார். பொருளைச் செய்வதற்கு முன் அதைச் சரியாக வரையத் தெரிய வேண்டும் என்பதால், ஓவியமே மற்றப் பயிற்சிகளுக்கு அடிப்படையாக இருந்தது.

புகைப்படத்தின் வருகை

புகைப்படக்கலை 1839இல் ஐரோப்பாவில் அறிவிக்கப்பட்டது. சென்னையில் 1856இல் அமைந்த புகைப்படச் சங்கத்தின் உருவாக்கத்தில் ஹண்டருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவருடைய பள்ளியிலும் புகைப்படப் பயிற்சி இடம்பெற்றது.

அதே காலத்தில் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1857 இறுதியில் பெங்களூரிலிருந்து புறப்பட்ட அவர், திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களில் படமெடுத்துக்கொண்டு 1858இல் சென்னை வந்து சேர்ந்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டாய்வாளராக ஹுல்ட்ஷ் சென்னையில் நியமிக்கப்பட்டது 1886இல்தான் என்பதை நினைத்தால், இம்முயற்சி எவ்வளவு முந்தியது என்பது விளங்கும். சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களையும் டிரைப் 1858இல் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அச்சிற்பங்கள் கப்பலேற்றி லண்டனுக்கு அனுப்பப்பட்டன.

படத்தின் மேல் வரைதல்

டிரைப் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகடிவ். அக்கால வேதிப்பூச்சு நீல ஒளியை மிகையாக ஏற்றுக்கொள்ளும். கோபுரம் தெளிவாக விழுந்தாலும் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். எனவே அவர் தூரிகையால் நெகடிவின் மீதே வண்ணம் தீட்டி மேகங்களை உருவாக்கினார். மரங்களின் இலைகளுக்கும் அவ்வாறே உருவம் கொடுத்தார். உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நம்பப்பட்ட படத்தில், வானம் கையால் வரைந்ததாக இருந்தது. புகைப்படம் வந்ததும் ஓவியம் ஒதுங்கிவிட்டது என்ற பொதுக் கருத்துக்கு இது மாறான சான்று.

பணி நிறுத்தம்

1857 எழுச்சிக்குப் பின் அரசின் கருவூலம் நெருக்கடியில் இருந்தது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், புகைப்படப் பணியை அரசால் தாங்க முடியாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்தினார். ஆயினும் கலைத்தொழிற்பள்ளியில் புகைப்பட வேலை தொடர்ந்தது. நீலகிரிப் பழங்குடிகளையும் தொல்சின்னங்களையும் பற்றி பிரீக்ஸ் எழுதி 1873இல் வெளிவந்த நூலில், இப்பள்ளியினர் எடுத்த புகைப்படங்கள் இடம்பெற்றன.

பெயர் மறைந்த கைகள்

டிரைப்பிடம் தொழில் கற்று, பின்னர் இப்பள்ளியில் புகைப்படம் கற்பித்தவர் சி. ஐயாசாமி. தமிழகப் புகைப்பட வரலாற்றில் பெயர் தெரிந்த முதல் தலைமுறை இந்தியருள் அவர் ஒருவர். டிரைப்பின் படங்கள் இன்று உலக அருங்காட்சியகங்களில் அவர் பெயரோடு தொங்குகின்றன. ஐயாசாமியை அறிந்தோர் மிகச் சிலரே. மாணவர்கள் செய்த வேலையோ பெரும்பாலும் பள்ளியின் பெயரிலேயே வெளிவந்தது. நீலகிரிப் படங்களில் கேமராவின் முன் நின்ற பழங்குடியினரின் பெயர்களும் பெரும்பாலும் பதிவாகவில்லை. தொழிலாளி செய்த பொருளில் கையொப்பம் இருப்பதில்லை என்ற வழக்கமே படத்துக்கும் பொருந்தியது.

தொழிலிலிருந்து கலைக்கு

இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையேற்ற காலத்தில், நுண்கலையாக ஓவியமும் சிற்பமும் முன்னிடம் பெற்றன. 1957இல் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கர், 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவாக வழிவகுத்தார். ஓவியர் தம் பெயரில் நிற்கும் படைப்பாளியானார். புகைப்படம் அந்த மதிப்பைப் பெற மேலும் பல ஆண்டுகள் ஆயின. 2019இல் நடந்த இரண்டாம் சென்னைப் புகைப்பட இருபதாண்டு விழாவிற்கு அல்ல, ஈராண்டு விழாவிற்கு இக்கல்லூரி வளாகமும் ஓர் அரங்கமாக அமைந்தது.

இன்று

கல்லூரி வாசலில் செல்லும் சாலை முன்பு பூந்தமல்லி நெடுஞ்சாலை எனப்பட்டது. அதே வழியில் மேற்கே சென்றால் திருப்பெரும்புதூர் வரும். அதற்குத் தெற்கே ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. கைவினைஞரை உருவாக்க ஹண்டர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சி நிற்கும் சாலையே இன்று பேராலைகளுக்கு இட்டுச் செல்கிறது. இங்கும் ஒவ்வொரு பாகமும் முதலில் வரைபடமாகவே பிறக்கிறது. வரைந்தவர் பெயரைக் காரை வாங்குபவர் அறிவதில்லை.

இத்தொழில் வட்டாரத்தின் மாறும் ஏரிகளையும் வயல்களையும் தொழிலாளர் விடுதிகளையும் வரையவோ படமெடுக்கவோ முற்படும் இளைஞருக்கு இவ்வரலாறு ஒரு முன்னோடி. கருவிகள் இரண்டும் பழையவை. படத்தை எடுத்தவரின் பெயரும் படத்தில் நிற்பவரின் பெயரும் சேர்ந்து பதிவாவதே அன்று நடவாதது. இன்று நடக்க வேண்டியது.