கோபுரமும் நிகழ்ச்சியும்: இந்தியப் பொது ஒலிபரப்பில் செலவு, தரம் குறித்த விவாதங்கள்

ஆய்வுச்சுருக்கம்

இந்தியப் பொது ஒலிபரப்பின் செலவும் தரமும் குறித்து 1920கள் முதல் இன்றுவரை நடந்துவரும் விவாதங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. எண்ணிக் காட்டக்கூடிய ஒளிபரப்பிகளும் பரப்பு விழுக்காடுகளும் செலவுக்கு எளிதில் நியாயமாயின; எண்ண முடியாத நிகழ்ச்சித் தரம் ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளப்பட்டது. இப்போக்கு சென்னை, திருச்சி நிலையங்களின் வரலாற்றையும் சேர்வராயன் மலை போன்ற நிலப்பரப்பையும் கொண்டு இங்கு விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அகில இந்திய வானொலி, தூர்தர்ஷன், பிரசார் பாரதி, உரிமக் கட்டணம், தன்னாட்சி, சேர்வராயன் மலை

முன்னுரை

சேலம் சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் சேர்வராயன் மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. தலைச்சோலை முதலிய ஊர்கள் இம்மலையின் மடிப்புகளில் காப்பித் தோட்டங்களுக்கும் சோலைகளுக்கும் இடையே பரவிக் கிடக்கின்றன. ஒலிபரப்புப் பொறியாளருக்கு இத்தகைய மலை ஒரே நேரத்தில் வரமும் தடையும் ஆகும். பண்பலையும் தொலைக்காட்சி அலைகளும் பெரிதும் நேர்கோட்டில் செல்பவை. எனவே உச்சியில் நிறுத்தப்படும் கோபுரம் தொலைதூரச் சமவெளிக்குப் பயன்படும். அதே மலையின் மறுசரிவிலுள்ள சிற்றூர் அலைநிழலில் நிற்கும். அந்த நிழலை நீக்கத் தனி அஞ்சல் நிலையம் வேண்டும். சில நூறு வீடுகளுக்காக அச்செலவைச் செய்யலாமா என்பது பொறியியல் வினாவன்று. பொது ஒலிபரப்பு யாருக்காக நடைபெறுகிறது என்னும் அடிப்படை வினா அது.

சேலம் வட்டாரத்துக்கு வானொலி நெடுங்காலம் வெளியூர்க் குரலாகவே இருந்தது. சென்னை 1938இலும் திருச்சி 1939இலும் கோவை 1966இலும் அகில இந்திய வானொலியின் நிலையங்களைப் பெற்றன. மத்திய அலை மலைகளைத் தாண்டி ஓரளவு வந்து சேரும். ஆனால் வந்து சேர்ந்த குரல் மலைமக்களை நோக்கிப் பேசியதா என்பதை எந்தப் பரப்பு வரைபடமும் காட்டாது. பின்வரும் வரலாறு இவ்விரு வினாக்களுக்கும் இடையிலான தொலைவைப் பற்றியது.

உரிமக் கட்டணமும் முதல் தோல்விகளும்

தமிழகத்தில் ஒலிபரப்பின் தொடக்கமே பணமுடையில் முடிந்த ஒன்று. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் உருவான சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. 1927இல் நிதியின்றி நின்றுபோன கழகம் தன் ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தன் பொறுப்பில் ஒலிபரப்பை நடத்தியது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்க இயலாதவரும் கேட்கும் பொதுச்சேவை என்ற கருத்து தமிழகத்தில் செயல்வடிவம் பெற்றது ஒரு நகராட்சி மன்றத்தின் வழியாகத்தான். தில்லியின் கொள்கைக் கோப்புகள் இதற்கு மிகவும் பிந்தியவை.

வடக்கிலும் நிலைமை வேறாக இல்லை. 1927இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்த இந்திய ஒலிபரப்பு நிறுவனம் 15 லட்சம் ரூபாய் மூலதனத்துக்கு அனுமதி பெற்றிருந்தும் 6 லட்சமே திரட்டியது. ஆண்டுக்கு 10 ரூபாய் உரிமக் கட்டணத்தில் 80 விழுக்காடு அதற்குச் சேர்ந்தது. உரிமம் பெற்றோர் சில ஆயிரம் பேரே. நிறுவனம் 1930இல் கலைக்கப்பட, அரசு அதனை ஏற்றது. அரசும் ஓராண்டு கழித்தே சலித்துப்போயிற்று: சிக்கன நடவடிக்கையாக 1931 அக்டோபரில் ஒலிபரப்பை மூட ஆணையிட்டது. பொதுமக்களிடமும் வணிகர்களிடமும் எழுந்த எதிர்ப்பால் அடுத்த மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பின்னர் வானொலிக் கருவிகள் மீதான இறக்குமதி வரி உயர்த்தப்பட்டு நட்டம் ஈடுசெய்யப்பட்டது.

இந்தியப் பொது ஒலிபரப்பின் செலவு குறித்து எழுந்த முதல் பொது விவாதம் இது எனலாம். அதில் கேட்போர் வென்றனர் என்பது பின்வரும் நிகழ்வுகளை நோக்கச் சற்று வியப்பளிக்கிறது. பணம் செலுத்திய காரணத்தால் அவர்களுக்கு ஒரு பிடிமானம் இருந்தது. 1980களின் நடுப்பகுதிக்குள் வானொலி, தொலைக்காட்சி உரிமக் கட்டணங்கள் நீக்கப்பட்டபோது அந்தப் பிடிமானமும் நீங்கியது. பிரிட்டனில் பி.பி.சி.யின் உரிமக் கட்டணத்தைப் பற்றி இன்றுவரை ஓயாத சச்சரவு நடப்பதற்குக் காரணம், பணம் எவரிடமிருந்து வருகிறது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருப்பதே. இந்தியாவில் கட்டண நீக்கம் மக்களுக்குச் சலுகையாகத் தோன்றியது. ஒலிபரப்பாளர் அமைச்சகத்தையும் விளம்பரதாரரையும் மட்டுமே நோக்கும் நிலை அதனால் வலுப்பட்டது.

தரம் என்பதன் இரு பொருள்கள்

1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் தரத்தைத் தெளிவாக வரையறுத்தார்: செவ்வியல் இசையே தரம். திரையிசை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய வெளியேற்றப்பட்டது. கேட்போரோ முள்ளைத் திருப்பினர். 1950இல் வணிக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்த இலங்கை வானொலி, பாக் நீரிணையைத் தாண்டித் தமிழக வீடுகளுக்குள் எளிதாக நுழைந்தது. தமிழ் அறிவிப்பாளர்களின் உச்சரிப்பையும் நிகழ்ச்சி அமைப்பையும் தமிழகத்தார் போற்றிய நீண்ட காலம் இவ்வாறு தொடங்கியது, பிற்காலத்தில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகியோர் தமிழக நட்சத்திரங்களுக்கு நிகரான புகழ் பெற்றனர். இழந்த செவிகளை மீட்க 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கப்பட்டது. கேஸ்கரின் கொள்கையை வெறும் பிடிவாதம் என்று தள்ளுவதும் முறையன்று. கருநாடக இசைக் கலைஞர் பலருக்கு நிலையான ஊதியமும் நாடளாவிய மேடையும் தந்தது அதே வானொலிதான். ஆயினும் தரத்தை மேலிருந்து விதித்த நிறுவனம் கேட்போரின் தேர்வைத் தரக்குறைவாகக் கருதியது என்ற குற்றச்சாட்டு நிலைத்துவிட்டது.

இதே காலத்தில் திருச்சி நிலையம் வேறொரு வகைத் தரத்தைக் காட்டிற்று. 1966இல் நாட்டின் 10 நிலையங்களில் தொடங்கப்பட்ட வேளாண் ஒலிபரப்புப் பிரிவுகளுள் திருச்சியும் ஒன்று. ஏ.டி.டி. 27 என்னும் நெல்வகை தஞ்சை உழவரிடையே வானொலி வழியாகப் பரவியதால் அது 'ரேடியோ நெல்' என்றே பெயர் பெற்றது. ஓர் ஒலிவாங்கி, வயலுக்குச் செல்ல ஒரு வாகனம், உழவர் மொழியில் பேசத் தெரிந்த ஒருவர்: இதற்கு வேண்டிய மூலதனம் ஏறக்குறைய இவ்வளவே. ஒரு நிகழ்ச்சியின் பயனை மக்களே ஒரு பயிரின் பெயராகப் பதிவு செய்த இச்சான்றுக்கு ஈடான தர மதிப்பீடு பிற்காலக் குழு அறிக்கைகளில் காணக் கிடைப்பதில்லை.

நிறுவனத்தின் அமைப்பைப் பற்றிய முதற்பெரும் ஆய்வு சந்தா குழுவினுடையது. 1964இல் அமைக்கப்பட்டு 1966இல் அறிக்கை அளித்த இக்குழுவின் தலைவர் அசோக் சந்தா, இந்தியாவின் தலைமைத் தணிக்கையாளராக இருந்தவர். கணக்குப் பார்த்தே பழகிய அவருடைய குழு, சிக்கல் கணக்கில் இல்லை, ஆளுகையில்தான் உள்ளது என்று கண்டு வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தனித்தனிக் கழகங்களைப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு அதற்குரிய காலம் இன்னும் வரவில்லை என்று ஒதுக்கியது. நெருக்கடிநிலைக் காலம் அப்பரிந்துரையின் பொருளை நாட்டுக்கு உணர்த்தியது. 1977இல் அமைந்த வர்கீஸ் குழு 'ஆகாஷ் பாரதி' என்னும் தன்னாட்சி அறக்கட்டளையை முன்மொழிந்தது. 1979இல் வந்த மசோதா அதனைவிட மெலிந்தது. அதுவும் மக்களவை கலைந்ததால் காலாவதியானது.

கோபுரங்களின் பத்தாண்டு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. அதே மாதம் தொடங்கிய செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை 6 மாநிலங்களின் 2,400 சிற்றூர்களை எட்டியது. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. உழவுக்கும் உடல்நலத்துக்கும் என வகுக்கப்பட்ட அச்சோதனையின் நோக்கத்துக்கும், 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி வந்த வண்ண ஒளிபரப்பின் நோக்கத்துக்கும் இடையே 7 ஆண்டுகளே கழிந்திருந்தன.

1984இல் சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒளிபரப்பி என்ற வேகத்தில் விரிவாக்கம் நடந்தது. அவற்றுட் பெரும்பாலானவை குறைசக்தி அஞ்சல் நிலையங்கள். அவற்றில் படப்பிடிப்புக் கூடம் இல்லை, செய்தியாளர் இல்லை. செயற்கைக்கோள் வழி வந்த தில்லி நிகழ்ச்சியை வாங்கி மறுஒளிபரப்புச் செய்வதே அவற்றின் பணி. நாடாளுமன்றத்தில் சொல்வதற்கு எண்ணிக்கை கிடைத்தது. ஆனால் ஓர் ஊரில் கோபுரம் எழுந்தது என்பதற்கு அவ்வூரின் மொழியோ வாழ்வோ திரைக்கு வந்தது என்று பொருளில்லை.

இந்தப் பிளவை முதலில் தெளிவாகப் பெயரிட்டது பி. சி. ஜோஷி தலைமையிலான குழு. தூர்தர்ஷனின் நிகழ்ச்சி வளத்தை ஆராய 1982 இறுதியில் அமைக்கப்பட்ட இக்குழு, கருவிகளுக்கு முதலிடமும் நிகழ்ச்சிகளுக்குக் கடைசி இடமும் தரும் திட்டமிடலைக் கண்டித்தது. தில்லியை மையமாகக் கொண்ட காட்சியுலகையும் நகர நடுத்தர வர்க்கச் சாய்வையும் சுட்டியது. அறிக்கை அச்சேறிய காலத்தில் தொடர் நாடகங்களின் விளம்பர வருவாய் பெருகத் தொடங்கியிருந்தது. வருவாய் பெருகும்போது தரத்தைப் பற்றிய அறிக்கையை ஓரம் வைப்பது எளிதாயிற்று.

சென்னை நிலையத்தில் இவ்விவாதம் தனக்கே உரிய வடிவம் கொண்டது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமைத் திரைப்படம் ஆகியவற்றுக்கு ஊரே கூடியது. 'வயலும் வாழ்வும்' அமைதியாகத் தன் வேலையைச் செய்தது. நேயர்களின் மடல்களுக்கு நிலையத்தார் திரையில் விடையளித்த 'எதிரொலி' நிகழ்ச்சி, ஒரு பொது நிறுவனம் தன் பயனாளிக்கு முகம் கொடுத்த அரிய வாயில். அஞ்சலட்டையின் விலையில் நடந்த அந்தத் தணிக்கையை ஊடக வரலாற்றாளர் உரிய அளவு பொருட்படுத்தவில்லை. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி வந்தபின் நேயர் தம் தீர்ப்பை மடலில் எழுத வேண்டிய தேவை குறைந்தது.

மலையுச்சிக் கோபுரம் நல்ல நிகழ்ச்சியோடு சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்குக் கொடைக்கானல் பண்பலை சான்று. உச்சியிலிருந்து தென்மாவட்டங்களின் விரிந்த சமவெளியை எட்டிய அந்நிலையம், எளிய பேச்சுத் தமிழ், நேயர் பங்கேற்பு, பாடல் ஆகியவற்றால் தனியார் பண்பலைகள் பரவுமுன்பே பெரும் நேயர் கூட்டத்தைப் பெற்றது. உயரம் அதற்கு வாய்ப்பைத் தந்தது; நேயரைத் தந்தது குரல்.

தன்னாட்சியும் சம்பளமும்

பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறியும் 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடையில், 1995 பிப்ரவரியில், அலைவரிசைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தின் 12ஆம் பிரிவு கழகத்தின் கடமைகளுள் உழவர், நலிந்த பிரிவினர், பழங்குடியினர், தொலைவிடங்களில் வாழ்வோர் ஆகியோரின் தேவைகளைக் குறிப்பிடுகிறது. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் இச்சொற்களுக்குள் நேராக அடங்குவர். கடமையைச் சொன்ன சட்டம் அதற்கெனத் தனி நிதி ஊற்றை உறுதி செய்யவில்லை.

விளைவு, ஆண்டுதோறும் அமைச்சகத்தின் மானியத்தை எதிர்நோக்கும் 'தன்னாட்சி'. பணியாளர் பலர் அரசுப் பணியிலிருந்து வந்தவர்கள். 2007 அக்டோபர் 5 வரை பணியில் சேர்ந்தோரின் ஊதியத்தை அரசே ஏற்பது என 2012இல் முடிவாயிற்று. இது நிறுவனத்தை நொடிப்பிலிருந்து காத்தது. ஊதியம் தருபவரை விமரிசிக்கும் செய்தியறை எவ்வாறு உருவாகும் என்ற வினாவையும் கூர்மையாக்கியது. 2010 காமன்வெல்த் விளையாட்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தைச் சுங்லு குழு கடுமையாகக் குறைகூறியபின் செலவு பற்றிய பேச்சு முறைகேடு பற்றிய பேச்சாகச் சுருங்கியது. சாம் பித்ரோடா குழு 2014இல் அளித்த அறிக்கை நிகழ்ச்சி ஆக்கத்துக்கான பங்கை உயர்த்தக் கோரியது. ஜோஷி குழு கூறி 30 ஆண்டுகள் கழித்து அதே கோரிக்கை எழுந்தது என்பதே அறிக்கைகளின் பயனைக் காட்டும். 2019 தொடக்கத்தில் சிக்கனம் கருதி வானொலியின் தேசிய அலைவரிசையும் 5 வட்டாரப் பயிற்சிக் கழகங்களும் மூடப்பட்டன. குரலைப் பயிற்றும் இடத்தை மூடிச் சேமித்த தொகை எந்தத் தலைப்பில் செலவானாலும், தரத்தின் கணக்கில் அது நட்டமே.

மலையும் விண்கோளும்

2022 மார்ச்சுக்குள் ஏறத்தாழ 50 முக்கிய இடங்கள் தவிர ஏனைய தரைவழி ஒப்புமைத் தொலைக்காட்சி ஒளிபரப்பிகளை மூடத் தூர்தர்ஷன் முடிவெடுத்தது. 1984இன் அவசரத்தில் எழுந்தவை ஓசையின்றி அணைந்தன. 2023 ஜனவரியில் ஒலிபரப்புக் கட்டமைப்பு மேம்பாட்டுக்கென 2,539.61 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் வழங்கியது. வானொலிப் பண்பலையின் வீச்சை நிலப்பரப்பில் 59 விழுக்காட்டிலிருந்து 66ஆகவும் மக்கள்தொகையில் 68இலிருந்து 80ஆகவும் உயர்த்துவது அதன் இலக்கு. நிகழ்ச்சி வளமும் திட்டத்தில் உண்டு. அதற்கு இத்தகைய விழுக்காட்டு இலக்கு இல்லை.

தொலைவிடங்களிலும் பழங்குடிப் பகுதிகளிலும் 8 லட்சம் இலவச அலைவாங்கிப் பெட்டிகளை வழங்குவதும் இத்திட்டத்தில் அடங்கும். பழைய அலைநிழல் இதனால் பெரிதும் நீங்கக்கூடியதே. சேர்வராயன் மலையிலிருந்து நோக்கினால் 93.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் நிற்கும் செயற்கைக்கோள் வானில் 60 பாகைக்கும் மேலான உயரத்தில் தென்படும். அண்டைக் குன்றுகள் அக்கோட்டை மறைப்பது அரிது. 1984இன் கோபுரங்கள் எட்டாத பள்ளத்தையும் ஒரு சிறு கிண்ண அலைவாங்கி எட்டிவிடும். ஆனால் அந்த இலவசச் சேவையில் இடங்கள் தனியார் அலைவரிசைகளுக்கு ஏலத்தில் விடப்படுகின்றன. அவற்றுள் மிகுதியானவை இந்தி அலைவரிசைகள். 2024 ஜனவரி 19 அன்று 'பொதிகை' என்ற பெயர் நீங்கி 'டிடி தமிழ்' ஆகிய அலைவரிசைக்கு அக்கூட்டத்தில் ஓரிடம் உண்டு. அந்த ஓரிடத்தில் மலையாளி மக்களின் பேச்சும் பாட்டும் காப்பித் தோட்டக் கூலியும் எத்தனை மணிநேரம் இடம்பெற வேண்டும் என்பதை எந்த நிதி ஒதுக்கீட்டு ஆணையும் இதுவரை வரையறுக்கவில்லை.