பெட்டியைப் பிரியாத ஹெட்போன்

1959-ல் டோக்கியோவில் நடந்த ஆடியோ கண்காட்சியில் ஸ்டாக்ஸ் என்ற சிறிய ஜப்பானிய நிறுவனம் ஒரு ஹெட்போனைக் காட்சிக்கு வைத்தது. அடுத்த ஆண்டே எஸ்ஆர்-1 என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. எலக்ட்ரோஸ்டாட்டிக் முறையில் இயங்கி, கடையில் காசு கொடுத்து வாங்கக் கிடைத்த முதல் ஹெட்போன் அதுதான். ஆனால் அதை ரேடியோவிலோ டேப் ரெக்கார்டரிலோ நேரே செருக முடியாது. நடுவில் ஒரு பெட்டி வேண்டும். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெட்டி இந்த வகை ஹெட்போனை விட்டுப் போகவில்லை. அதை உதறிவிட எத்தனையோ பேர் முயன்று பார்த்துவிட்டார்கள்.

பெட்டி எதற்கு என்பது உள்ளே திறந்து பார்த்தால் புரியும். நமக்குப் பழக்கமான டைனமிக் ஹெட்போனில் ஒரு டயஃப்ரம், அதன் முதுகில் ஒட்டிய செப்புச் சுருள், சுருளைச் சுற்றிக் காந்தம். சுருளில் மின்சாரம் ஓடினால் அது முன்னும் பின்னும் நகரும், டயஃப்ரத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். சுருளுக்கு எடை உண்டு. அது ஒட்டியிருக்கிற வளையத்தை மட்டும்தான் தள்ளுகிறது என்பதால், உச்சஸ்வரங்களில் டயஃப்ரத்தின் மற்ற பகுதிகள் சொன்ன பேச்சைக் கேட்காமல் நெளியும்.

எலக்ட்ரோஸ்டாட்டிக்கில் சுருளே கிடையாது. துளையிட்ட இரண்டு உலோகத் தகடுகள். நடுவில் ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள பிளாஸ்டிக் படலம். தலைமுடியின் தடிமனே எழுபது மைக்ரான் அளவுக்கு இருக்கும். படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். படலத்தில் நிலையாக மின்னேற்றம் வைத்திருப்பார்கள். பாட்டின் மின் அலை இரு தகடுகளிலும் எதிரெதிராக ஏறி இறங்க, ஒரு தகடு இழுக்கும்போது மற்றது தள்ளும். படலம் முழுப் பரப்பிலும் ஒரே நேரத்தில் அசையும். தம்புராவின் தந்தியில் விரல் பட்ட கணத்தையும் அதற்குப் பின்னால் எழும் ரீங்காரத்தையும் தனித்தனியாகக் கேட்க முடிவது இதனால்தான்.

இந்தச் சுகத்துக்கு வோல்ட்டில் விலை கொடுக்க வேண்டும். சென்ஹைசரின் எச்டி 600 என்ற டைனமிக் ஹெட்போனுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 97 டெசிபல் ஒலி வரும். ஸ்டாக்ஸ் எஸ்ஆர்-009-க்கு 101 டெசிபல் வேண்டுமென்றால் 100 வோல்ட் வேண்டும். படலத்தில் நிற்க வேண்டிய நூற்றுக்கணக்கான வோல்ட் தனிக் கணக்கு. எந்தப் போன் துளையும் இதைத் தராது. ஆகவே பெட்டி.

யோசனை ஒன்றும் புதிதல்ல. ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த எட்வர்ட் கெல்லாக், செஸ்டர் ரைஸுடன் சேர்ந்து 1925-ல் சுருள்-காந்த ஒலிபெருக்கியைச் செம்மைப்படுத்தி வெளியிட்டவர். இன்றைய ஸ்பீக்கர்களுக்கெல்லாம் அதுதான் மூதாதை. அதே கெல்லாக் 1934-ல் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஒலிபெருக்கிக்கும் காப்புரிமை வாங்கினார். இரண்டு பாதையும் ஒரே மனிதரின் மேசையில் கிடந்திருக்கின்றன. ஒன்று உடனே கிளம்பிவிட்டது. மற்றது பொருத்தமான படலம் இல்லாமல் காத்துக் கிடந்தது. 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் பாலியெஸ்டரைக் கண்டுபிடித்தார்கள். ஐம்பதுகளில் அது மெல்லிய படலமாகச் சந்தைக்கு வந்த பிறகு, 1957-ல் பீட்டர் வாக்கரின் குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் வந்தது. இரண்டு வருஷத்தில் ஸ்டாக்ஸ் அதே தத்துவத்தைக் காதளவுக்குச் சுருக்கியது. டைனமிக் ஹெட்போனுக்கு அப்போதே வயது இருபதைத் தாண்டிவிட்டது. பெர்லினில் ஆய்கன் பேயர் தொடங்கிய நிறுவனத்தின் டிடி 48, 1937-லேயே வந்தாயிற்று.

1968-ல் இரண்டு வகைக்கும் இடையே இருந்த தூரம் பளிச்சென்று தெரிந்தது. அமெரிக்காவின் காஸ் நிறுவனம் இஎஸ்பி-6 என்ற எலக்ட்ரோஸ்டாட்டிக்கை வெளியிட்டது. சுவரிலிருந்து மின்சாரம் வாங்காமல், வருகிற பாட்டின் மின்சாரத்திலிருந்தே படலத்துக்கான மின்னேற்றத்தைக் கறந்துகொள்ளும் ஏற்பாடு. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் அதற்காக டிரான்ஸ்ஃபார்மர்களைக் காதுக் கிண்ணங்களுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பெட்டி ஒழியவில்லை, தலைமேல் ஏறிக்கொண்டது. அதே வருஷம் ஜெர்மனியில் சென்ஹைசர், எச்டி 414 என்ற டைனமிக்கை விட்டது: மஞ்சள் நுரை, திறந்த முதுகு, தலையில் இருப்பதே தெரியாத எடை. ஒரு கோடிக்கும் மேல் விற்றதாக சென்ஹைசர் சொல்கிறது.

எழுபதுகளில் எலக்ட்ரெட் என்று இன்னொரு வழி பார்த்தார்கள். மின்னேற்றத்தை நிரந்தரமாகவே பொருளுக்குள் பதித்துவிடுவது. ஸ்டாக்ஸே எஸ்ஆர்-40 போன்றவற்றை அப்படிச் செய்தது. பாதிப் பாரம் குறைந்தது. தகடுகளுக்கு வேண்டிய உயர் வோல்ட்டுக்கு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி மறுபடியும் தேவைப்பட்டது.

பிறகு 1979. ஸ்டாக்ஸ் அந்த வருஷம் லாம்ப்டாவைக் கொண்டுவந்தது. காதை முழுசாக மூடும் நீள்சதுரக் கிண்ணம், அதற்குள் பெரிய நீள்வட்டப் படலம். பார்க்க இரண்டு சின்ன ஜன்னல்களைக் காதில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். அழகு இல்லை, துல்லியம் இருந்தது. மனிதக் காது எப்படிக் கேட்கிறது என்று ஆராயும் கூடங்களில் அது அளவுக்கருவியாகவே இடம் பிடித்தது. அதே 1979 ஜூலையில்தான் சோனி வாக்மேன் வந்தது. அதனுடன் கொடுத்த ஹெட்போன் சுமார் 50 கிராம். டைனமிக்கேதான், தரத்தில் லாம்ப்டாவின் கிட்டேகூட நிற்க முடியாது. ஆனால் அது ரயிலேறியது, ஓடப் போனது, பூங்காவில் உட்கார்ந்தது. என்னைக் கேட்டால் எலக்ட்ரோஸ்டாட்டிக்கின் தலையெழுத்து அந்த வருஷமே எழுதப்பட்டுவிட்டது. அதன்பின் அதை வாங்குபவர் ஒலியை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை, வீட்டில் ஒரு நாற்காலியையும் சேர்த்தே தேர்ந்தெடுத்தார்.

1982-ல் லாம்ப்டா ப்ரோ வந்தபோது படலத்தின் மின்னழுத்தத்தை 230-லிருந்து 580 வோல்ட்டுக்கு ஏற்றினார்கள். பழையது வாங்க நினைப்பவர் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய பிளக்கில் ஆறு முள். ப்ரோ பிளக்கில் நடு முள் இல்லாமல் ஐந்து. ப்ரோ துளையில் நடு ஓட்டை கிடையாது, அதனால் பழைய ஹெட்போன் அதில் இறங்காது, 580 வோல்ட்டில் சிக்காது. ஐந்து முள் பிளக் பழைய பெட்டியில் இறங்கும். சத்தம் மட்டும் குறையும். எச்சரிக்கைச் சீட்டு எதுவும் ஒட்டாமல் பொருளின் உருவத்திலேயே பாதுகாப்பை வைத்த வேலை இது. இந்த ஹெட்போன்களில் நான் மிகவும் ரசிப்பது பாட்டை அல்ல, இந்தப் பிளக்கை என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

1991-ல் சென்ஹைசரே எதிர்ப்பக்கம் வந்து ஆர்ஃபியஸ் என்ற எலக்ட்ரோஸ்டாட்டிக்கைச் செய்தது. வால்வு ஆம்ப்ளிஃபயரோடு முந்நூறு ஜோடி மட்டும். 2015-ல் அறிவித்த அதன் வாரிசு எச்இ 1-ன் அப்போதைய விலை ஏறக்குறைய 50,000 யூரோ. அதில் ஆம்ப்ளிஃபயரின் கடைசிக் கட்டத்தைக் காதுக் கிண்ணத்துக்குள் கொண்டுபோனார்கள், கம்பியில் வீணாகும் சக்தி மிச்சம். பெட்டியைத் தொலைக்கும் எண்ணமோ அவர்களுக்கு இல்லை; கரரா சலவைக்கல்லில் செதுக்கிக் கூடத்தில் வைத்தார்கள். அதே 2015-ல் ஷூர் நிறுவனம் சட்டைப்பைக்குள் போகும் பெட்டியுடன் ஒரு காதுச்செருகி செய்தது. சிறிதானாலும் பெட்டி பெட்டிதான்.

இந்த ஆடம்பரங்களுக்கு நடுவே, 1995-ல் ஸ்டாக்ஸ் நிறுவனம் நொடித்தே போனது. அடுத்த ஆண்டு புதிதாக எழுந்து, 1998-ல் எஸ்ஆர்-007-ஐத் தந்தது. 2011-ல் சீனாவின் எடிஃபையர் நிறுவனம் ஸ்டாக்ஸை வாங்கியது. 2021-ல் எஸ்ஆர்-எக்ஸ்9000 வந்தது.

டைனமிக்கும் சும்மா இருக்கவில்லை. சென்ஹைசர் 2009-ல் எச்டி 800-க்காக நடுவில் ஓட்டையுள்ள 56 மில்லிமீட்டர் வளைய டயஃப்ரம் செய்தது. பெரிய டயஃப்ரம் நெளிகிற பழைய சங்கடத்துக்கு அது நேரடியான பதில். 2016-ல் பிரான்சின் ஃபோகல், யுட்டோப்பியாவில் பெரிலியம் டயஃப்ரம் வைத்தது. எடை குறைவு, விறைப்பு அதிகம். எலக்ட்ரோஸ்டாட்டிக்கை விரட்டிப் பிடிக்கும் ஓட்டத்தில் டைனமிக் பாதிக்கு மேல் தூரத்தைக் கடந்துவிட்டது என்பது என் கணிப்பு. மிருதங்கத்தின் இடந்தலை ‘தொம்’ வயிற்றில் இறங்குகிற அழுத்தத்தில் அது முன்பே முன்னால்தான். அரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஆடும் படலம் அந்த ‘தொம்’மின் உருவத்தைக் காட்டும், கனத்தைக் காட்டாது.

ஆக, எதை வாங்குவது? கேட்டவரிடம் நான் ஒலியைப் பற்றிப் பேசுவதே இல்லை. எங்கே உட்கார்ந்து கேட்பீர்கள் என்றுதான் கேட்பேன். வீட்டுக்குள் ஒரே இடத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, குரலும் தந்தியும் கேட்பவர் என்றால் எலக்ட்ரோஸ்டாட்டிக் பக்கம் போகலாம். யானை வாங்கினவன் அங்குசம் வாங்கமாட்டானா என்பார்கள். இங்கே அங்குசமும் யானை விலைதான், பட்ஜெட்டில் பாதியைப் பெட்டிக்கு ஒதுக்க வேண்டும். கடலோர ஊர் என்றால் ஈரக்காற்றில் மின்னேற்றம் கசியும், சில நாள் படபடவென்று சத்தம் வரும். பழைய ஜோடிகளில் ஒரு காது மெல்ல மங்குவது அடிக்கடி நடப்பது, ஆகவே மின்னேற்றம் முழுசாக ஏற விட்டு, அரை மணி நேரமாவது கேட்டபிறகே காசு கொடுங்கள். கிண்ணத்தைக் காதோடு அழுத்தினால் எஸ்ஆர்-007 ‘பர்ர்’ என்று அசிங்கமாக ஒரு சத்தம் போடும். பயப்பட வேண்டாம், காற்று அழுத்தத்தில் படலம் தகட்டைத் தொடுகிற சத்தம். அது பழுது அல்ல.

மற்ற எல்லோருக்கும் எச்டி 600 மாதிரி ஒரு டைனமிக் போதும். 1997-ல் வந்தது, இன்றும் விற்கிறது. கம்பி, மெத்தை, வலை என்று தேய்ந்ததைக் கையாலேயே கழற்றிப் புதிதாக மாட்டிக்கொள்ளலாம். அதற்கும் மேலே போக ஆசை வந்தால், அதை விற்காமல் வைத்துக்கொண்டு அடுத்ததாக ஒரு லாம்ப்டாவைத் தேடுங்கள். ஊருக்குப் போகும்போது பையில் போட்டுக்கொள்ள ஒன்று வேண்டுமே.