நாற்காலிக்கு வெளியே ஒரு வழக்குரைஞர்: அரூர் வட்டம் எழுப்பும் கேள்வி

தீர்த்தமலையில் ஒரு தகராறு வழக்காகிவிட்டால் அரூர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொலை, வன்கொடுமை என்றால் தருமபுரி. அங்கே அரசுத் தரப்பில் எழுந்து நிற்பவரை ஊரார் 'கவர்மெண்ட் வக்கீல்' என்பார்கள், நீதிமன்ற வளாகத்தில் 'பி.பி.' என்பார்கள். அவர் எந்தக் கட்சி என்று கேட்டால் பெரும்பாலும் உடனே பதில் கிடைக்கும். ஆட்சி மாறினால் அரசு வக்கீலும் மாறுவார் என்பதை யாரும் குறையாகக்கூடச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இதற்கு வேறு ஏற்பாடு. அங்கே பல மாநிலங்களில் மாவட்ட வழக்குரைஞர் பதவியே தேர்தல் பதவி. துளசேந்திரபுரத்து வேர் கொண்ட கமலா ஹாரிஸ் 2003இல் சான் பிரான்சிஸ்கோவில் ஓட்டு வாங்கித்தான் அந்த இடத்துக்கு வந்தார். சட்டமன்றத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போவதும், அங்கிருந்து செனட்டுக்குப் போவதும் அவர்களுக்கு ஒரே ஏணியின் படிகள். நம்மிடம் அந்த ஏணி இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஏழாண்டு வக்கீல் தொழில் செய்தவர்களிலிருந்து மாவட்ட நடுவர், அதாவது நடைமுறையில் ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும் என்றது. அதிலிருந்து அரசு நியமிக்கும். ஓட்டுக்கு அதில் இடமில்லை. ஆனால் ஓட்டு வாங்கியவர்களின் சிபாரிசுக்கு இடமில்லை என்று யார் சொல்வார்கள்?

சட்டமன்ற உறுப்பினரும் அரசு வக்கீலும் ஒரே ஆளாக இருக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. 1967இல் ராஜஸ்தான் சட்டமன்றத்துக்குத் தேர்வான காந்தா கதூரியா, அதற்கு முன்பே ஒரு நடுவர் தீர்ப்பு வழக்கில் அம்மாநில அரசின் சிறப்பு வழக்குரைஞராக அமர்த்தப்பட்டிருந்தார். ஆதாயம் தரும் பதவி என்று சொல்லி உயர் நீதிமன்றம் தேர்தலை ரத்து செய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே ராஜஸ்தான் சட்டமன்றம், அந்தத் தகுதியிழப்பை முன்தேதியிட்டு நீக்கி ஒரு சட்டம் இயற்றிவிட்டது. 1969இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர், ஒரு வழக்குக்காக ஒருவருக்குத் தரப்படும் வேலை 'பதவி' ஆகாது என்றனர். அது உரிமையியல் விவகாரம்தான். ஆயினும் அங்கே ஆராயப்பட்டது பதவியா, ஆதாயமா என்பது மட்டுமே. அரசுக்காக வாதாடுபவர் அரசையே எதிர்க்க வேண்டிய நாள் வந்தால் என்ன செய்வார் என்று கேட்கும் தேவை அவ்வழக்கில் எழவில்லை.

அரூர் வட்டத்தில் அந்த நாள் 1992 ஜூன் 20 அன்று வந்தது. சந்தனக்கட்டைத் தேடல் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 269 பேர் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்திக்குள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் நொறுக்கப்பட்டன, பெண்களும் குழந்தைகளும்கூடச் சிறைக்குப் போனார்கள். அரசு மறுத்தது. கட்டை கடத்தியதாகக் கிராமத்தார் மீதுதான் வழக்கு. மாநில அரசின் வக்கீல் அப்போது நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: கிராமத்துக்கு எதிர்ப்பக்கம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பொருட்டே இல்லை.

பழங்குடி மக்கள் சங்கத்தின் பெ. சண்முகமும், தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் அண்ணாமலையும் அந்தக் கிராமத்துக்குப் போனார்கள். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராகவும் மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்த ஏ. நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தில் மனு கொடுத்தார். அது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 1995இல் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவு. குற்றத்தைச் சுட்டுவது, விடாமல் நீதிமன்றத்தின் முன் வைப்பது என்ற வழக்குரைஞரின் வேலையை இங்கே தொடங்கிவைத்தவர்கள் அரசியல்வாதிகள். அவர்களிடம் நியமன ஆணை இல்லை. இருந்திருந்தால் அந்த மனு எழுந்திருக்காது என்பதே என் வாதம்.

இதை இடதுசாரிகளுக்கு மட்டுமான புகழுரையாகப் படிக்க வேண்டியதில்லை. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில், 2001இல் ஆட்சி மாறியபின் சாட்சிகள் 76 பேர் திரும்ப அழைக்கப்பட்டு, 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அரசு வக்கீல் எதிர்க்கவில்லை. அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அரசியல் எதிரியின் மனு என்ற ஆட்சேபத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆட்சியைக் கண்காணிப்பதில் எதிர்க்கட்சியினருக்கு நேரடி அக்கறை உண்டு என்று சொல்லி, 2003 நவம்பரில் வழக்கைக் கர்நாடகத்துக்கு மாற்றியது. எதிர்க்கட்சியில் இருக்கும்வரைதானே இந்த அக்கறை என்று கேட்கலாம். ஆம், அவ்வளவுதான். பகை இருக்கும் இடத்தில் விழிப்பு இருக்கிறது. ஆட்சியில் அமர்ந்தபின் அதே கட்சி போடும் பி.பி.யிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அரூரில் 2006இலும் 2011இலும் மார்க்சிஸ்ட் வேட்பாளர் டில்லிபாபு வென்றதில் வாச்சாத்திக்குப் பங்கு உண்டா என்பது வேறு கட்டுரைக்கான பொருள். லாபம் இருந்தாலும் மனுவின் நியாயம் குறையாது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. விசாரணைக் காலத்திலேயே 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023இல் அதே தேதியில், வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்துவந்த நீதிபதி பி. வேல்முருகன் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னதோடு, சம்பவ காலத்து மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். அந்த மூவரில் முதலாமவரின் இருக்கையிலிருந்துதான், 24ஆம் பிரிவின்படி, மாவட்ட அரசு வக்கீலுக்கான பட்டியல் புறப்பட்டாக வேண்டியிருந்தது.