கல்லில் உள்ளதும் கதையில் உள்ளதும்

வட்டக்கச்சியில் எட்டாம் வகுப்புக்கு வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். கற்சிலைமடு நினைவுக்கல்லின் வாசகத்தைக் கரும்பலகையில் எழுதினேன். 1803 ஒக்டோபர் 31 அன்று கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனை அவ்விடத்தில் தோற்கடித்தார் என்பதே அதன் சாரம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். "சேர், தோற்கடித்ததாகத்தானே இருக்கிறது? கொன்றதாக இல்லையே!"

பல வருடங்களாக, காக்கை வன்னியன் காட்டிக்கொடுக்க, பண்டாரவன்னியன் அன்றே களத்தில் மாண்டான் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நான் அதை அறிந்தது கதையிலும் நாடகத்திலும். ஆவணத்தில் அல்ல.

நடந்தது என்ன? 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தருக்கு வன்னியர்கள் யானைகளைத் திறையாகச் செலுத்த வேண்டியிருந்தது. திறை ஒழுங்காகப் போகவில்லை. 1782இல் ஒல்லாந்தர் படை அனுப்பி வன்னியை அடக்கினர். பின்னர் லெப்டினன்ட் நாகல் என்பவர் அதனை நிர்வகித்தார். ஆக, வன்னிமையின் முதுகெலும்பு ஆங்கிலேயர் வருமுன்னரே முறிந்துவிட்டது. 1796இல் ஒல்லாந்தரின் கரையோரப் பகுதிகள் முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, பண்டாரவன்னியன் இழந்ததை மீட்கத் தருணம் பார்த்திருந்தான்.

தருணத்தைக் கண்டி தந்தது. 1803 ஜூனில் கண்டியில் இருந்த ஆங்கிலப் படை அழிக்கப்பட்டது. இரண்டே மாதத்தில், ஓகஸ்ட் 25இல், கண்டியின் ஆதரவுடன் அவன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த படையினர் கடல்வழியே யாழ்ப்பாணத்துக்குத் தப்பினர். அதற்குப் பதிலடியாகவே மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என மூன்று திசைகளிலிருந்தும் படைகள் புறப்பட்டன. கற்சிலைமடுவில் முடிவு வந்தது.

அக்கரையில் 1799இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள். பாளையங்களுக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. சிற்றரசுகள் தனித்தனியே எழுந்தன, தனித்தனியே வீழ்ந்தன.

துரோகி ஒருவன் இருந்தால் தோல்விக்குக் காரணம் சொல்வது எளிது. மூன்று முனைப் படையெடுப்பையும், ஏற்கெனவே நொறுங்கியிருந்த ஆட்சியையும், கண்டியை நம்பிய கணக்கையும் ஆராய வேண்டியதில்லை. ஒருவனை வைதுவிட்டுப் பாடத்தை முடித்துவிடலாம். நானும் அப்படித்தான் முடித்து வந்தேன். துரோகியைத் தேடும் பழக்கம் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை என்பதை எங்கள் தலைமுறை கண்டிருக்கிறது.

மறுநாள் வகுப்பில், இத்தனை காலமும் கதையை வரலாறாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். கரும்பலகையை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பக்கம் கல் சொல்வது. மறுபக்கம் கதை சொல்வது. எதை எங்கே எழுதுவது என்று பிள்ளைகளே சொன்னார்கள். காக்கை வன்னியன் கதைப் பக்கத்துக்குப் போனான்.

"அப்ப பண்டாரவன்னியன் வீரன் இல்லையா சேர்?" என்றான் ஒருவன்.

முல்லைத்தீவுத் தாக்குதல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன்.