இரண்டு பேச்சுவார்த்தைகள், ஒரு செப்டெம்பர்

2002 செப்டெம்பர் 16. தாய்லாந்தின் சத்தஹிப் கடற்படைத் தளத்தில் அரசாங்கமும் புலிகளும் முதல் சுற்றுப் பேச்சுக்கு அமர்ந்தார்கள். வன்னிச் சனம் வானொலியை விட்டு நகரவில்லை. அதே மாதம் 3ஆம் திகதி இலங்கை வேறொரு பேச்சுவார்த்தையின் முடிவிலும் தன்னை இணைத்துக்கொண்டிருந்தது. அது பச்சைவீட்டு வாயுக்களைக் குறைப்பதற்கான கியோத்தோ நெறிமுறை. அதை வன்னியில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். கவனிக்க அவர்களுக்கு என்ன நேரமிருந்தது?

கொஞ்சம் பின்னே போவோம். 1992இல் ரியோ மாநாட்டில் காலநிலைச் சமவாயம் கையெழுத்துக்கு வந்தது. மறு ஆண்டு இலங்கை அதை ஏற்றது. பொறுப்பு எல்லா நாட்டுக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்பதுதான் அதன் அடிப்படை. நூறு, நூற்றைம்பது வருடம் நிலக்கரி எரித்துப் பணக்காரரானவர் முதலில் குறைக்கட்டும் என்ற நியாயம். அதன்படி 1997 டிசெம்பரில் கியோத்தோவில் கூடியபோது, 2008 முதல் 2012 வரையான காலத்தில் வெளியீட்டை 1990ஆம் ஆண்டு மட்டத்திலிருந்து குறைந்தது 5 சதவீதம் குறைக்கத் தொழில்வள நாடுகள் உடன்பட்டன. இலங்கைக்கு இலக்கு எதுவும் விதிக்கப்படவில்லை.

அந்த டிசெம்பரில் வன்னியில் என்ன எரிந்தது? ஏ9 வீதியில் மே மாதம் இராணுவம் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை ஓயவில்லை. கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் கையில். மல்லாவியும் புதுக்குடியிருப்பும் இடம்பெயர்ந்த சனத்தால் பிதுங்கின. பெற்றோலுக்குத் தடை. மோட்டார் சைக்கிள்காரர் காபரேற்றருக்குள் பெற்றோலைச் சில துளி விட்டு உதைப்பார். இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார். அந்தப் புகையின் காரம் அதைக் குடித்தவர்களுக்குத்தான் தெரியும். இரவில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அது நனைய மட்டும் எண்ணெய் விட்டு, திரி ஏற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். வானொலி கேட்கச் சைக்கிள் டைனமோ. குறைப்பது பற்றி உலகம் பேசிக்கொண்டிருந்தபோது குறைக்க ஏதுமில்லாத இடமாக வன்னி இருந்தது. இதைச் சிக்கனம் என்று யாரும் பாராட்டிவிட வேண்டாம். அது பொருளாதாரத் தடை.

2009 டிசெம்பர் 7ஆம் திகதி கோப்பன்ஹேகன் காலநிலை மாநாடு தொடங்கியது. 2020 வாக்கில் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 10 ஆயிரம் கோடி டொலர் திரட்டித் தருவோம் என்ற வாக்குறுதி அங்கேதான் எழுந்தது. மாநாடு தொடங்க ஆறு நாள் முன்னர்தான், போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்த சனத்துக்கு வெளியே போய்வர அனுமதி கிடைத்திருந்தது. 2018 டிசெம்பரில் போலந்தின் கத்தோவிச் காலநிலை மாநாடு முடிந்து ஒரு வாரத்துக்குள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருமழை. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. வெள்ளத்தில் ஊர்கள் மூழ்கின.

பாரிஸ் காலநிலை உடன்படிக்கையை இலங்கை 2016 செப்டெம்பரில் ஏற்றது. அதோடு கதை மாறியது, ஏனென்றால் பாரிஸில் ஒவ்வொரு நாடும் தன் இலக்கைத் தானே எழுதிக் கொடுக்க வேண்டும். 2021இல் இலங்கை கொடுத்த கணக்கு: வழமைப் போக்கில் வரக்கூடிய வெளியீட்டில் 2030க்குள் 14.5 சதவீதம் குறைப்போம். அதில் 4 சதவீதம் சொந்த முயற்சி, மிச்சம் வெளியுதவி கிடைத்தால். கூடவே, காட்டின் பரப்பை நாட்டு நிலத்தில் 32 சதவீதமாக்குவோம்.

அந்த 32 சதவீதத்தில்தான் வன்னி உள்ளே வருகிறது. நாட்டில் காடு மிகுந்த மாவட்டங்களில் முல்லைத்தீவும் வவுனியாவும் முன்வரிசை. ஆனால் அங்கே காடாகத் தெரிவதெல்லாம் பழங்காடு அல்ல. போரால் ஆளில்லாமல் கிடந்த வயலிலும் மேட்டுக்காணியிலும் முதலில் பற்றை, பிறகு மரம். மீள்குடியேறப் போனவர்களில் பலர் தங்கள் காணியில் கண்டது வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லை. கிணற்றுக்கட்டு உள்ளே இருக்கிறது, பலா நிற்கிறது, வரைபடத்தில் மட்டும் அது வனம்.

காடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வன்னியின் குளங்களுக்கு நீர் வரும் வழியே காடுதான். ஆனால் மிகக் குறைவாக எரித்தவர்களின் வயலைக் கொண்டு நாட்டின் வாக்குறுதியை நிரப்புவது ரியோவில் பேசிய நியாயத்துக்கே எதிரானது.

இந்த இலக்குகள் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுபவை. உங்கள் பிரதேச செயலகத்தில் காடு, காணி பற்றிக் கருத்துக் கேட்கும் கூட்டம் நடந்தால் தவறாமல் போங்கள். காணி உறுதியோ பழைய பெர்மிற்றோ இருந்தால் அதன் பிரதியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.